ஸ்டார் ட்ரெக்கைப் படம்பிடித்த வரிசையில் பார்க்கிறேன்: மூன்றாவது சீசன் வரை வந்தாச்சு

பள்ளி நாட்களில், விண்கப்பலில் கோள் கோளாகச் சுற்றும் குழுவின் கதையான ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க டிவி நாடகத்தின் முதல் தொடரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்த்திருக்கிறேன். 1966 முதல் 1969 வரை ஓடியது, மூன்று சீசன், 79 எபிசோடு. இந்த முறை ஒன்று விடாமல் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். ராத்திரிக்கு ஒன்றுதான். அதுவும் ஒளிபரப்பான வரிசையில் இல்லை, படம்பிடித்த வரிசையில். ஒளிபரப்பில் மூன்றாவதாக வந்தது உண்மையில் இரண்டாவது முன்னோட்டப் படம், அதாவது தொடர் தொடங்கும் முன் சேனலுக்குப் போட்டுக்காட்ட எடுத்த மாதிரி எபிசோடு. முதல் இரண்டு வாரமும் கப்பலின் மருத்துவர் மெக்காய் கூடவே இருக்கிறார். மூன்றாம் வாரம் ஆளையே காணோம், எல்லோரும் வேறு சட்டையில் நிற்கிறார்கள். அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் இந்த ஏற்பாடு.

முதல் ராத்திரி பாதி நேரம் டிவியோடு போனது. பழைய சதுரப் படத்தை அது தானாகவே அகலமாக இழுத்து, எல்லோருக்கும் கன்னம் உப்பிக் காட்டியது. 4:3 என்று மாற்றினேன். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்தேன். அது இருந்தால் விண்கப்பல் செட் நேற்று வீடியோவில் எடுத்த நாடகம் மாதிரி தெரிகிறது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்ததில் தங்கைக்கு வருத்தம். இரண்டாம் நாளே பழகிவிட்டாள்.

சேனல் திருப்பியனுப்பிய முதல் முன்னோட்டத்திலிருந்து தொடங்கினேன். பின்னால் உணர்ச்சியே காட்டாதவர் என்று பேர்வாங்கும் வேற்றுக்கிரக அதிகாரி ஸ்பாக் அதில் சிரிக்கிறார்! ஆடும் இலையைப் பிடித்துப் பார்த்து, வாய் நிறையச் சிரிப்பு. உணர்ச்சியே காட்டாத ஆள் அந்தப் படத்தில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரியான ஒரு பெண். அந்தப் பாத்திரத்தைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். அவளுடைய பதவியும் அந்தக் குளிர்ந்த முகமும் ஸ்பாக்குக்குப் போயின. அடுத்த படத்திலும் அவர் கத்திக் கத்தித்தான் பேசுகிறார். நமக்குத் தெரிந்த ஸ்பாக் உருவாகி வர சில எபிசோடு ஆகிறது. வரிசையாகப் பார்த்தால் அது கண்முன்னே நடக்கிறது.

இந்த வரிசையின் பெரிய லாபம் எனக்குக் கிடைத்தது கப்பலின் கேப்டன் கிர்க் இரண்டு ஆளாகப் பிரியும் எபிசோடில். ஆளைக் கரைத்து இன்னோர் இடத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் கருவி கெட்டுப்போய், கப்பல் அதிகாரி சூலுவும் சிலரும் கீழே கோளில் உறைந்துகொண்டிருக்கிறார்கள். பாறையைக் கதிர்த் துப்பாக்கியால் சூடாக்கிக் குளிர் காய்கிறார்கள். தங்கை கேட்டாள்: “ஏன் அண்ணா, ஒரு குட்டிக் கப்பலை அனுப்பிக் கூட்டிட்டு வர வேண்டியதுதானே?” நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், அந்தக் குட்டிக் கப்பல் அப்போது கதையிலேயே இல்லை, ஏனென்றால் செட்டாகவே கட்டியிருக்கவில்லை. டிரான்ஸ்போர்ட்டர் வந்ததே காசில்லாமல்தான். வாராவாரம் ஒரு கப்பலைத் தரையிறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்று, ஆளை மினுமினுவென்று கரைத்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சிக்கனம் இங்கே கதையாகவே ஆகிவிட்டது: கருவி கெட்டால் வேறு வழி கிடையாது.

இதே எபிசோடில்தான் ஸ்பாக் முதன்முதலாகக் கழுத்தைப் பிடித்து ஆளை மயக்குகிறார். எழுதியிருந்தது துப்பாக்கிக் கட்டையால் அடிப்பதாக. அது ஸ்பாக்குக்கு ஒட்டாது என்று நடிகர் லெனார்ட் நிமாயே சொன்ன யோசனை இந்தப் பிடி.

குட்டிக் கப்பல் பின்னால் வந்துவிடுகிறது. பொம்மை மாடல் விற்கும் ஏஎம்டி நிறுவனம் தன் செலவில் அதைக் கட்டிக் கொடுத்தது. பதிலுக்கு மாடல் விற்கும் உரிமை. இரண்டாவது சீசனில், கோள்களைத் தின்னும் இயந்திரம் வரும் எபிசோடில், சிதைந்து மிதக்கிற இன்னொரு கப்பல் அந்த நிறுவனம் விற்ற என்டர்ப்ரைஸ் (நம் நாயகர்களின் கப்பல்) பொம்மைதான். கப்பல் மேல் இருக்கும் 1701 என்ற எண்ணை 1017 என்று மாற்றி ஒட்டிவிட்டார்கள். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை மூன்று தடவை பின்னுக்கு ஓட்டிப் பார்த்தேன்.

என்னிடம் இருக்கும் புளூரேயில் பழைய காட்சிகள், 2006 முதல் கணினியில் புதிதாகச் செய்த காட்சிகள் என இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பத்து எபிசோடு வரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பழையதிலேயே நின்றுவிட்டேன். வெளியே கப்பல் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போய், உள்ளே தெர்மகோல் பாறை வந்தால் இரண்டும் ஒட்டவில்லை. அந்தக் கோள்தின்னி எபிசோடு மட்டும் விதிவிலக்கு. பொம்மை விஷயத்தை எவ்வளவு ரசித்தாலும், அங்கே புதியதுதான் நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

சுரங்கத்துக்குள் பாறையைக் கரைத்துப் போகும் பிராணி வரும் எபிசோடுக்குத் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். ரப்பர் விரிப்புக்குள் ஒரு ஆள் தவழ்கிறார், அவ்வளவுதான். அது முட்டைகளைக் காக்கும் தாய் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஸ்பாக் அதன்மேல் கை வைத்து வலியில் அலறும் இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டாள். காசு கொட்டிச் செய்த எந்தப் பிராணியும் அவளை அப்படி உட்காரவைத்து நான் பார்த்ததில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். தள்ளிவிட்ட முதல் முன்னோட்டத்தை வெட்டி உள்ளே வைத்து, பின்னால் இரண்டு பாகக் கதையாக்கியிருக்கிறார்கள். முன்னோட்டத்தை முதலில் பார்த்தவனுக்கு அது பழைய சோறு. இரண்டாம் பாகத்தில் தூங்கிவிட்டேன். அப்புறம் இரண்டாவது சீசன் கடைசியில் எந்தக் கோளுக்குப் போனாலும் பூமிதான்: ஒன்றில் சிகாகோ ரவுடிகள், இன்னொன்றில் நாஜிகள். ஸ்டுடியோவில் இருக்கிற உடையையும் தெருவையும் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். ரவுடி எபிசோடு தமாஷாக இருந்ததால் பிழைத்தது. மற்றதற்கெல்லாம் பொறுமை வேண்டும்.

மூன்றாவது சீசனில் பட்ஜெட்டை இன்னும் வெட்டி, வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குத் தள்ளிவிட்டார்கள். ஒளிபரப்பு வரிசையில் அது ஸ்பாக்கின் மூளையைத் திருடும் கதையோடு தொடங்கும். எடுத்த வரிசையில் முதலில் வருவது கௌபாய் ஊர் எபிசோடு. முழு ஊர் கட்டவில்லை. சிவந்த வானத்துக்கு முன்னால் கடைகளின் முகப்பு மட்டும் நிற்கிறது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று. யாரோ ஒருவருடைய நினைவிலிருந்து உருவிய ஊர் என்று கதையிலும் சொல்லிவிடுவதால், கெட்ட கனவு மாதிரி நன்றாகவே பயமுறுத்துகிறது. முழுசாகக் கட்டியிருந்தால் சாதாரண கௌபாய் படமாகத்தான் இருந்திருக்கும்.

நேற்று மூளைத் திருட்டும் வந்துவிட்டது. மூளை இல்லாத ஸ்பாக்கை மெக்காய் ஒரு ரிமோட்டை அழுத்தி நடக்கவைக்கிறார், டிக் டிக் என்று. தங்கை எங்கள் டிவி ரிமோட்டை எடுத்து என் பக்கம் நீட்டி அழுத்தினாள். நான் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு வரும் என் நோட்டில் அந்த எபிசோடுக்கு நேரே மதிப்பெண் இல்லை. இன்னும் இருபதுக்குள்தான் மிச்சம்.