வயிற்றில் பேண்டு போட்டபின் மறுபடி சாப்பிடப் பழகியது

எடை குறைவதற்காக இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி மாட்டும் வளையமான கேஸ்ட்ரிக் பேண்டு போட்டுப் பத்து மாதம் ஆகிறது. ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 104 கிலோ எடை, பி.எம்.ஐ. 41, சுகர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று எல்லாம் சேர்ந்த பிறகு எடுத்த முடிவு அது. இன்ஷூரன்ஸில் முதலில் மறுத்தார்கள், டாக்டர் கடிதம் கொடுத்ததும் ஒத்துக்கொண்டார்கள். வைகாசி கடைசியில் சென்னையில் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தார்கள். மூன்றாம் நாள் மன்னார்குடிக்கு வந்துவிட்டேன். என்னைப் பாடாய்ப் படுத்தியதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

இப்போது பெரும்பாலும் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ்தான் செய்கிறார்கள். இரைப்பையை வெட்டக் கூடாது, வேண்டாம் என்றால் எடுத்துவிட முடிய வேண்டும் என்று நான்தான் பேண்டு கேட்டேன். அதில் ஒரு விஷயத்தை யோசிக்காமல் விட்டேன். பேண்டு போட்டால் மட்டும் போதாது. வயிற்றுத் தோலுக்கு அடியில், பேண்டோடு குழாயால் இணைந்திருக்கும் போர்ட் என்ற சின்னக் கருவி வழியாக அவ்வப்போது சலைன் ஏற்றி இறுக்க வேண்டும், அதிகமானால் எடுக்க வேண்டும். பேண்டு போடுவது குறைந்துவிட்டதால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் குறைவு. நம் பக்கத்தில் யார் செய்வார்கள் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

முதல் இரண்டு வாரம் தண்ணீராக இருப்பது மட்டும். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர், இளநீர், பிறகு பால். என் மகனுக்கு மருந்து ஊற்றிய சங்கு வீட்டில் இருந்தது. அதில்தான் குடித்தேன். டம்ளரில் குடித்தால் பழக்கதோஷத்தில் மடக்கென்று விழுங்கிவிடுவேன், நெஞ்சு பிடித்துக்கொள்ளும். சங்கில் அப்படி முடியாது. இந்த இரண்டு வாரத்தில் பசி கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் மாத்திரையில் ஒரு தப்பு நடந்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போது, “எல்லா மாத்திரையையும் பொடி பண்ணிச் சாப்பிடுங்க” என்று ஒருவர் பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டார். நான் சாப்பிடும் மெட்ஃபார்மின், எஸ்.ஆர். போட்டது. மெதுவாகக் கரைந்து மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்காகச் செய்தது. அதைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். எனக்கு அது தெரியாது. நான்கு நாள் குமட்டலும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்து, ஆபரேஷன் கோளாறோ என்று பயந்துபோனேன். ஊரில் எங்கள் குடும்ப டாக்டர்தான் மாத்திரை அட்டையைப் பார்த்தவுடன் கண்டுபிடித்தார். சாதாரண மெட்ஃபார்மினுக்கு மாற்றி, சாப்பாடு குறைந்துவிட்டதால் அளவையும் குறைத்தார். உங்கள் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் பொடிக்காதீர்கள். அதேபோல மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும் வேண்டாம், இரைப்பையைப் புண்ணாக்கிவிடும்.

மூன்றாவது, நான்காவது வாரம் மசித்த உணவு. அப்போது என்னைக் காப்பாற்றியவை உளுந்தங்கஞ்சியும் மசித்த பாசிப்பயறும். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்தது முழுக்கப் பவுடர் டப்பாக்கள், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். சம்பா அறுப்புக்கு முன் எங்கள் வயலில் தெளித்த பயறும் உளுந்தும் வீட்டில் மூட்டையாக இருக்கிறது. நூறு கிராம் பாசிப்பயறில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். நூறு கிராம் ஒரு நாளில் உள்ளே போகாது, ஆனாலும் தயிர், முட்டை, மீன் என்று சேர்த்தால் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும். குறைந்ததற்கு மட்டும் பவுடர் வாங்கினேன்.

அப்புறம் சோறு.

ஆறு வாரம் முடிந்து திட உணவு தொடங்கலாம் என்ற அன்று, அத்தை கிண்ணத்தில் ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார்கள். நன்றாகக் குழைய வடித்து, நெய் விட்டு, பருக்கையே தெரியாமல் பிசைந்தது. ஆறு வாரமாக அந்த வாசனைக்கு ஏங்கிக் கிடந்தேன். முதல் இரண்டு ஸ்பூன் இறங்கியது. மூன்றாவது ஸ்பூனில் நெஞ்சுக்கூட்டின் நடுவே கல்லை வைத்ததுபோல் நின்றது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. அத்தை பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள், நானும் குடித்தேன். அதுதான் தப்பு. கீழே அடைத்திருக்கும்போது மேலே ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? நுரை நுரையாக வெளியே வந்தது. கொல்லையில் குனிந்து நின்றது நாற்பது நிமிடம். கடைசியில் எலுமிச்சம்பழ அளவு சோற்று உருண்டை ஒன்று அப்படியே வெளியே வந்து விழுந்தது. அதன் பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

அத்தை அன்று அழுதுவிட்டார்கள். “நம்ம வீட்டு அரிசிச் சோறு உனக்கு ஆகலையேம்மா” என்று. அவர்களுக்கு அது வெறும் உணவு இல்லை, எனக்கும்தான்.

பிறகு பழகிப் பழகிக் கற்றுக்கொண்டது இது: குழைந்ததெல்லாம் சுலபமாக இறங்கும் என்று நாம் நினைப்பது பேண்டு போட்டவர்களுக்குப் பொருந்தாது. குழைந்த சோறு ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடுகிறது. மெத்தென்ற ரொட்டியும் அப்படித்தான், பரோட்டா பக்கமே போக முடியாது. முறுகலான தோசை நான்கு விள்ளல் இறங்கும், ஊத்தப்பம் இறங்காது. இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துப் பாதி சாப்பிடலாம். முருங்கைக்காய், கீரைத்தண்டு, வாழைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் என்று நார் உள்ள எதுவும் ஆகாது. கோழி நெஞ்சுக்கறி வறண்டு போய் அடைக்கும். குழம்பில் வெந்த மீன் போல எனக்கு ஒத்துக்கொண்டது வேறு எதுவும் இல்லை. முறுக்கும் மிக்சரும் ஐஸ்கிரீமும் தங்குதடையின்றி இறங்கும், அதனாலேயே அவற்றை வீட்டில் வைப்பதில்லை. எடை குறையாமல் நிற்பவர்களைக் கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் இப்படி வழுக்கிக்கொண்டு போவதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வாய்க்கு நிலக்கடலை அளவு. கூழாகும்வரை மெல்ல வேண்டும். விழுங்கிவிட்டு ஸ்பூனைக் கீழே வைக்க வேண்டும். சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்கும் தண்ணீர் கிடையாது. காலையில் எழுந்தவுடன் பேண்டு இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும், வெதுவெதுப்பாக ஏதாவது குடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். விக்கல் வந்தாலோ மூக்கில் நீர் வந்தாலோ அத்தோடு எழுந்துவிடுவேன். இன்னும் ஒரே ஒரு வாய் என்று ஆசைப்பட்ட ஒவ்வொரு தடவையும் கொல்லைக்கு ஓடியிருக்கிறேன்.

இனி பேண்டு விவரம் உள்ள அட்டை விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஆறாவது வாரத்தில் முதல் ஃபில், அதாவது பேண்டை இறுக்கச் சலைன் ஏற்றுவது, போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு ஓட முடியாது என்பதால் தஞ்சாவூரில் விசாரித்து, பேண்டு தெரிந்த ஒரு சர்ஜனைக் கண்டுபிடித்தோம். லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், அவர் கேட்டது மூன்றே கேள்வி. என்ன கம்பெனி பேண்டு? எத்தனை மில்லி கொள்ளும்? ஆபரேஷனில் ஏற்கெனவே எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள்? என் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது ‘பேண்டு பொருத்தப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும். “சில பேண்டு 4 மில்லிதான் கொள்ளும், சிலது 10க்கு மேல. தெரியாம நான் எப்படிம்மா ஏத்தறது?” என்றார். அவர் சொன்னது நியாயம். பேசாமல் திரும்பி வந்தோம்.

சென்னைக்குப் போன் போட்டால் வரவேற்பிலிருந்து ரெக்கார்ட்ஸுக்கு மாற்றுவார்கள், அங்கே எடுக்க ஆள் இருக்காது. ஒரு வாரம் பார்த்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கினோம். ரெக்கார்ட்ஸ் ஜன்னலில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஃபைல் ஸ்கேனிங்குக்குப் போயிருக்கு மேடம், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க” என்றார். முந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறோம், தையல் இன்னும் இழுத்துப் பிடிக்கிறது என்று சொன்னேன். “நான் என்ன செய்ய முடியும்?” என்றார். அன்று பகல் முழுக்க அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இன்னும் மனதில் எரிகிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் வழி சொன்னார். நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 1.3.2. அதைக் குறிப்பிட்டு, ஆபரேஷன் நோட்ஸும் பேண்டின் விவரம் அச்சிட்ட இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் நகலும் வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதி, ஆதார் நகலை இணைத்து, இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டேன். முத்திரை வைக்க மறுத்தார்கள். மேலாளரைப் பார்த்தோம், வைத்தார்கள். மறுநாள் மதியம் ஃபைல் கிடைத்துவிட்டது. அதில் பேண்டுப் பெட்டியோடு வந்த அட்டை, யாரும் பிரிக்காத உறையில் அப்படியே இருந்தது. நோயாளியிடம் கொடுக்க வேண்டிய அட்டை அது. அதை வாங்கத்தான் எங்களுக்கு இரண்டு நாளும் லாட்ஜ் வாடகையும் ஆனது.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கையில் வாங்கிவிடுங்கள்: பேண்டின் பெயர், கொள்ளளவு, இப்போது உள்ளே இருக்கும் சலைன், போர்ட் எந்தப் பக்கம் என்பது. நான் அட்டையை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறேன், போனிலும் போட்டோ இருக்கிறது.

தஞ்சாவூரில் முதல் ஃபில் பத்து நிமிட வேலை. ஊசி குத்தும் வலிதான். ஏற்றிய பிறகு எழுந்து உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று பாமணி ஆற்றங்கரையில் சித்ரான்னம். உதிரியாக இருந்த புளியஞ்சாதத்தில் நான்கு சின்ன வாய், ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக மென்று சாப்பிட்டேன். இறங்கியது. அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தயிர் சாதம் பக்கம் கையை நீட்டினேன், “வேணாம், இதோட போதும்” என்று அவர்களே தூக்கை மூடிவிட்டார்கள்.

ஆவணியில் இரண்டாவது ஃபில். அது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. படுத்தால் இருமல், புளித்த தண்ணீர் தொண்டைவரை வந்தது. இறுக்கம் அதிகம் என்பதற்கு அது ஓர் அடையாளம் என்று அப்போது தெரியாது, சளி என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் வற்புறுத்தியதால் வடையில் ஒரு விள்ளல் சாப்பிட்டேன். இரவு பத்து மணிக்குச் சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சு அடைக்கிறது என்றதும் இ.சி.ஜி. எடுத்தார்கள், அது நல்லதுதான். பேண்டு என்று சொன்னதும் டியூட்டி டாக்டர், சாதாரண ஊசியிலேயே போர்ட்டிலிருந்து எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் அட்டையைக் காட்டி வேண்டாம் என்றேன். போர்ட்டுக்கு ஹூபர் ஊசி என்று தனியாக இருக்கிறது. சாதாரண ஊசி குத்தினால் போர்ட்டின் சிலிகோன் மூடியில் துளை விழுந்து ஒழுக ஆரம்பிக்கலாம், பிறகு மறுபடி ஆபரேஷன். அவர் அதைப் படித்துவிட்டு, கோபப்படாமல் டிரிப் போட்டு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். விடியற்காலையில் தஞ்சாவூரில் ஒரு மில்லி எடுத்தார்கள். எடுத்த அடுத்த நிமிடம் தண்ணீர் இறங்கியது. இரண்டு வாய் தண்ணீருக்கு நான் அப்படி அழுவேன் என்று நினைத்ததில்லை.

அன்று சர்ஜன் சொன்ன ஒரு விஷயம் எல்லோருக்கும் உதவும். கீமோதெரபி போர்ட்டுக்கும் இதே வகை ஹூபர் ஊசிதான். அதனால் புற்றுநோய் வார்டு உள்ள ஆஸ்பத்திரியில் கேட்டால் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் வயிற்றில் கொழுப்புக்கு அடியில் போர்ட் ஆழமாக இருப்பதால் நீளமான ஊசியாக வேண்டியிருக்கலாம். எனக்கு எந்த நீளம் என்று கேட்டு, சர்ஜிக்கல் கடையில் சொல்லி வைத்து இரண்டு வாங்கி, சீல் பிரிக்காமல் அட்டையோடு வைத்திருக்கிறேன். எச்சில் இறங்கவில்லை என்றால் காலைவரை பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள் என்றும் சொன்னார்.

நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, இப்போது முளைக்கிறது. பி12, இரும்பு, வைட்டமின் டி மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மாலையில் ஹரித்ரா நதி தெப்பக்குளத்தைச் சுற்றி இரண்டு முறை நடக்கிறேன், முன்பு ஒரு கரை முடிவதற்குள் உட்கார்ந்துவிடுவேன். எடை இன்று காலை 83. கல்யாண வீடுகளில் இப்போது பந்தியில் உட்காருவதில்லை. அத்தை முன்கூட்டியே சமையல்கட்டில் சொல்லிவைத்து, ஒரு கிண்ணத்தில் பருப்பும் ஸ்பூனும் வாங்கி வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்கள். யாராவது “இன்னும் கொஞ்சம் வையுங்க” என்றால், பதில் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.