அப்பாவோட வாய்ப்புண்ணும் வீடியோ கால் பல் டாக்டரும்

தாராவியில காலைல சைக்கிள்ல இட்லி விக்கிறவரு எங்க அப்பா. நாக்கு ஓரத்துல ஒரு புண்ணு ஆறாமலே கிடந்துச்சு, மெடிக்கல்ல வாங்குன ஜெல்ல தடவிக்கிட்டு "ஆறிரும்லே, யாவாரத்த விட்டுட்டு எங்க போக"ன்னுட்டே இருந்தாரு. புகையில போடுறவரு வேற, பயம் எனக்குத்தான். வீட்லேருந்தே காமிக்கலாம்னதும்தான் ஒத்துக்கிட்டாரு.

மொதல்ல இ-சஞ்சீவனி. 2020 ஏப்ரல்ல லாக்டவுன் சமயத்துல வீட்லேருந்தே டாக்டர பார்க்க சென்ட்ரல் கவர்மென்ட் கொண்டு வந்தது, காசு கிடையாது, ஓடிபி போட்டு டோக்கன் வாங்கணும். எங்களுக்குக் கிடைச்சது பொது டாக்டர், பல் டாக்டர்ட்ட காமிங்கன்னுட்டாரு. சரின்னு ஒரு தனியார் கிளினிக்ல வீடியோ கன்சல்டேஷன் புக் பண்ணேன்.

வீடியோல ஒண்ணுமே தெரியலங்க. அப்பா ஆ-ன்னு தொறந்தா ஒரே இருட்டு, நெட்வொர்க் வேற கட்டம் கட்டமா உடையுது. டாக்டரம்மாவே போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு சொல்லி எப்படி எடுக்கணும்னும் சொன்னாங்க, வாய நல்லா கொப்பளிச்சுட்டு, செல்ஃபி கேமரா வேணாம் பின்னாடி கேமரால பிளாஷ் போட்டு, நாக்கு நுனிய சுத்தமான துணியால புடிச்சு ஒரு பக்கமா இழுத்து, ஸ்பூன் காம்பால கன்னத்த ஒதுக்கி எடுக்கணுமாம். எச்சில தொடைக்கலன்னா பிளாஷ் பட்டு வெள்ளையா அடிக்கும், அதையே புண்ணுன்னு நெனச்சிருவோம். வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா அனுப்புங்க, சும்மா அனுப்புனா மங்கிரும். அம்மா கையில ஸ்பூன், என் கையில போன், அப்பா "எலே மூச்சு முட்டுது"ன்னு கத்துறாரு!

நாங்க புண்ணையே பார்த்துட்டு இருந்தோம், டாக்டர் பக்கத்துல ஒடைஞ்ச கடவாப்பல்ல பார்த்துட்டாங்க. அந்தக் கூர் உரசி வந்திருக்கலாம், ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ண தொட்டுப் பார்க்காம முடிவு பண்ண முடியாது, ஓரம் கெட்டியா இருக்கா, கழுத்துல நெறி கட்டியிருக்கான்னு கை வச்சாத்தான் தெரியும், நேர்ல போயே ஆகணும்னு கறாரா சொல்லிட்டாங்க. வீடியோலயே வைத்தியம் முடிஞ்சிரும்னு நெனச்சா அது நடக்காது, எவ்வளவு அவசரம், எங்க போகணும்னு தெரிஞ்சுக்கத்தான் அது. அப்பா மாதிரி ஆள கெளப்புறதுக்கு அதுவே பெரிய விஷயம்.

சயான்ல லோக்கல் ட்ரெயின் புடிச்சா சிஎஸ்எம்டி, அதான் பழைய விடி ஸ்டேஷன், அங்கேருந்து பக்கம்தான் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி காம்பவுண்டுல இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி. போட்டோவயும் வீடியோ டாக்டர் அனுப்புன பிடிஎஃப் சீட்டையும் காட்டுனதால கதைய மொதல்லேருந்து சொல்ல வேண்டியிருக்கல. கை வச்சுப் பார்த்துட்டு பல்லுக் கூர தேச்சு விட்டாங்க, ரெண்டு வாரத்துல ஆறலன்னா பயாப்ஸி, அதாவது புண்ணுலேருந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னாங்க. அப்புறம் போட்டோ எடுத்து எடுத்து வீடியோ டாக்டருக்கு அனுப்புனேன், ஒவ்வொரு தடவையும் சின்னதாகி ஆறிருச்சு.

புகையிலைய நிறுத்த 1800112356ன்னு ஒரு டோல் ஃப்ரீ நம்பர் இருக்கு, போன்லயே கவுன்சலிங் தர்றாங்க. அப்பா போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கேன், இன்னும் கூப்பிடல.