பிசிறு எடுக்காம மார்க் பண்ணினவன் எழுதுறது

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆச்சு. ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் டிரேடு (இரும்பை அரத்தால ராவி, அதாவது தேய்ச்சு, பொருத்துற வேலை), ரெண்டு வருஷமும் சேத்து 81 சதவீதம். முதல் வருஷம் போன ப்ராக்டிகலையும் சப்ளிமென்டரியில எழுதி முடிச்சாச்சு. "ஐ.டி.ஐ.யில எல்லாம் ஃபெயிலாக முடியுமாடா?"ன்னு எங்க மாமா கேட்டார். முடியும். தியரியில 33 சதவீதம் எடுத்தாத் தப்பிச்சிரலாம். ப்ராக்டிகல்ல 60 வேணும். 250-க்கு 150. நான் எடுத்தது 138.

என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடுறேன். அப்பத்தான் நான் சொல்றது உங்களுக்கு ஒத்துவருமான்னு தெரியும். பன்னெண்டாவது முடிச்சு இன்ஜினியரிங் சேர்ந்தேன். ரெண்டு வருஷத்துல 11 அரியர். விட்டுட்டு செல்போன் கடையில ஆறு மாசம் டெம்பர் கிளாஸ் ஒட்டினேன். 21 வயசுல ஐ.டி.ஐ. ஒரு யூனிட்டுல 20 பேர். மத்த 19 பேரும் பத்தாவது முடிச்சு நேரா வந்தவங்க. முதல் நாளே எல்லாருக்கும் நான் "அண்ணே" ஆயிட்டேன். சொந்தக்காரங்க வாயில மட்டும் "இன்ஜினியரிங்ல இருந்து இறங்கி வந்தவன்".

அந்த "இறங்கி வந்த" நினைப்பு எனக்குள்ளயும் இருந்துச்சு, அதை மறைக்கல. மூணு இன்டக்ரல் போடத் தெரிஞ்சவனுக்கு ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் என்ன பெரிய விஷயம்? எக்ஸாமுக்கு முந்தின வாரம் முழுக்க தியரியே படிச்சேன். தியரியில கிளாஸ்ல நான்தான் முதல். அரம் பிடிக்கிறதுல கடைசி மூணு பேர்ல ஒருத்தன்.

முதல் வருஷ ப்ராக்டிகல் அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். ஆண் பெண் ஸ்கொயர் ஃபிட்டிங். எம்.எஸ்.னு சொல்ற சாதா இரும்பு பிளேட், ரெண்டு துண்டு. ஒண்ணுல நடுவுல துருத்திக்கிட்டு நிக்கும், இன்னொண்ணுல அதே அளவுக்குப் பள்ளம். உள்ள விட்டா உக்காரணும். எடுத்துத் திருப்பி விட்டாலும் உக்காரணும். அளவுல 0.04 மில்லிமீட்டர் வரைக்கும்தான் மன்னிப்பு. தலைமுடி அதைவிடத் தடிமன்.

நான் ராவினேன், ரெண்டு தாடையால கவ்வி அளக்குற வெர்னியரை வச்சேன், 30.06 காட்டுச்சு. மறுபடி ராவினேன், 30.02. இன்னும் ரெண்டு இழுப்பு, 30.00. மனசுக்குள்ள கைதட்டிக்கிட்டேன். நிஜத்துல அது 29.9. ராவும்போது உலோகம் விளிம்பைத் தாண்டி மெலிசா மடங்கி நிக்கும் இல்லையா, அந்தப் பிசிறு மேல வெர்னியரோட தாடை உக்காந்திருந்துச்சு. நான் அளந்தது பிசிறோட சேத்து. அதோட விட்டுச்சா? மார்க்கிங் பண்ண, அதாவது வெட்ட வேண்டிய கோடு போட, சர்ஃபேஸ் பிளேட்ங்கிற மட்டமான பலகையில ஜாப்பை (அந்த இரும்புத் துண்டை) நிறுத்தினப்பவும் அது பிசிறு மேலதான் நின்னிருக்கு. ஒரு பக்கம் லேசாத் தூக்கிக்கிட்டு. உயரம் அளந்து கோடு கிழிக்கிற ஹைட் கேஜ்ல நான் போட்ட கோடு நேராத்தான் இருந்துச்சு, ஜாப்தான் சாஞ்சு நின்னிருக்கு. கோட்டை நம்பி ஹேக்ஸா ரம்பம் போட்டு, கோட்டை நம்பி ராவி, கடைசியில பாத்தா ஒரு பக்கமா விட்டா கலகலன்னு ஆடுது, திருப்பி விட்டா போகவே மாட்டேங்குது.

எக்ஸாமினர் ஜாப்பைக் கையில எடுத்து கட்டைவிரலை விளிம்போட இழுத்தார். சுருக்குன்னு குத்தியிருக்கணும். விரலைப் பாத்தார், என்னைப் பாத்தார், ஒண்ணும் சொல்லாம ஜாப்பைக் கீழ வச்சிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டார்.

அதனால நான் சொல்ற முக்கியமான விஷயம் இது ஒண்ணுதான், மத்தது எல்லாம் உபரி: அளக்குறதுக்கு முன்னாடி பிசிறு எடுங்க. ஒவ்வொரு தடவையும். கடைசியில ஒருதடவை பளபளன்னு ஆக்குறதைச் சொல்லல. ஜாப்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ்ல இருந்து அதைக் கழட்டினா, ஸ்மூத் ஃபைலை (நைஸ் அரம்) 45 டிகிரியில சாச்சு விளிம்போட ஒரு இழுப்பு. ஒண்ணே ஒண்ணு, வெயிட் போடாம. நாலு இழுப்பு இழுத்தா விளிம்பு மொழுங்கிப்போயி அதுக்குத் தனியா மார்க் போகும். அப்புறம் துணியில துடைக்கணும், அதுக்கப்புறம்தான் அளக்கணும். என் டூல் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வச்சிருந்தேன்: ராவு, பிசிறு, துடை, அள. பசங்க பாத்துச் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

ரெண்டாவது வருஷம் நான் மாறினதுக்குக் காரணம் பக்கத்து பெஞ்ச் தம்பி. அவங்க அப்பா கிரில் கேட் பட்டறை வச்சிருக்கார். பையன் ஆறாவதுல இருந்து பட்டறையில நிக்கிறவன். ஒருநாள் என்னைப் பாத்துக்கிட்டே இருந்துட்டுச் சொன்னான்: "அண்ணே, நீங்க ராவல. வண்டி தள்ளுறீங்க."

"என்னடா வித்தியாசம்?"

"சத்தத்தைக் கேளுங்க."

அவன் ராவினான். ஒரே மாதிரி சத்தம், ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும். நான் ராவினேன். ஆரம்பத்துல கொரகொர, நடுவுல அமைதி, கடைசியில மறுபடி கொரகொர. ஃபைல் தராசுக் கம்பி மாதிரி ஆடுதுன்னு அர்த்தம். அதனாலதான் என் ஜாப் எப்பவும் நடுவுல மேடா, ஓரத்துல இறங்கி இருந்திருக்கு. தள்ள ஆரம்பிக்கிறப்ப இடது கை அழுத்தணும், போகப்போக அந்த அழுத்தம் வலது கைக்கு மாறணும். இது புத்தகத்துலயும் இருக்கு. ரெண்டு தடவை அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன், பக்கத்தைக்கூடக் காட்டுறேன். படிச்சு என்ன, கைக்குத் தெரியலையே.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் நோட்டு. ஸ்கிராப் பிளேட் ஒண்ணை எடுத்துக்குவேன். ஒரு முகத்தை ராவி, ட்ரை ஸ்கொயரை (90 டிகிரி பாக்குற மட்டம்) வச்சு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பாப்பேன். எந்த மூலையில வெளிச்சம் வருது, நாலு மூலையிலயும் வெர்னியர் என்ன காட்டுது, எல்லாம் எழுதுவேன். தினமும் ஒரு பக்கம். பதினஞ்சு நாள் கழிச்சுப் புரட்டிப் பாத்தா ஒரே பாட்டு: வலது பக்கம், முன் மூலை, இறக்கம். தினமும் அதே மூலை. நான் சரியாப் பண்ணலைன்னு தெரியும், எங்க சரியாப் பண்ணலைன்னு அதுவரைக்கும் தெரியாது. வைஸ் என் முழங்கைக்கு ரொம்பக் கீழ இருந்துச்சு, நான் குனிஞ்சு வலது தோளை இறக்கிக்கிட்டு நின்னிருக்கேன். பெஞ்ச் மாத்திக்கிட்டேன். பாதி சரியாச்சு. மீதி பாதிக்கு நாப்பது நாள் ஆச்சு.

இதை எல்லாரும் பண்ணணுமான்னா, தெரியல. எனக்கு எழுதினாத்தான் புரியும், அப்படி வளந்துட்டேன். அந்தத் தம்பி ஒருநாளும் ஒரு வரி எழுதினதில்ல. எக்ஸாம் அன்னைக்கு யார்கூடவும் பேசாதீங்க, பக்கத்து ஜாப்பை எட்டிப் பாக்காதீங்கன்னு நான் சொல்வேன். எனக்கு அது உயிர். அவன் நாள் முழுக்க பாட்டை முணுமுணுத்துக்கிட்டே ராவினான், ப்ராக்டிகல்ல என்னைவிட 19 மார்க் கூட.

சி.பி.டி.க்கு, அதாவது கம்ப்யூட்டர்ல எழுதுற தியரி எக்ஸாமுக்கு, சுருக்கமா:

– பாரத் ஸ்கில்ஸ் தளத்துல இருக்கிற கேள்வி வங்கி, கிண்டியில இருக்கிற நிமி (ஐ.டி.ஐ. புத்தகம் தயாரிக்கிற மத்திய அரசு நிறுவனம்) போடுற தமிழ்ப் புத்தகம். இது ரெண்டும் போதும். யூடியூப்ல "முக்கிய 100 கேள்வி" பாத்து ராத்திரியை வீணாக்காதீங்க.

– 75 கேள்வியில 25 எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் (வேலைக்கு வேண்டிய பொதுத் திறன் பாடம்). அதை இளக்காரமா விட்டுட்டு நாலு பேர் மார்க்கைத் தொலைச்சாங்க. தப்புக்கு மார்க் கழிக்கிறதில்ல, எதையும் காலியா விடாதீங்க.

– எண்ணெல்லாம் மனப்பாடம்: ட்ரில் முனை 118 டிகிரி, சென்டர் பஞ்ச் 90, வெர்னியர் லீஸ்ட் கவுன்ட் 0.02, மைக்ரோமீட்டர் 0.01. டேப் ட்ரில்லுக்கு (மரை போடுறதுக்கு முன்னாடி போடுற துளை) விட்டத்துல இருந்து பிட்சை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தை, கழிச்சாப் போதும். எம்10-க்கு பிட்ச் 1.5, ஆக 8.5 ட்ரில்.

– தமிழ்க் கேள்வி குழப்பினா இங்கிலீஷையும் பாருங்க. நான் போட்ட மாக் டெஸ்ட் ஆப் ஒண்ணுல "கோப்பின் பற்களில் சிக்கும் துகள்களை எதனால் நீக்க வேண்டும்?"னு கேட்டிருந்தான். ஃபைலைக் கோப்புன்னு மொழிபெயர்த்த புண்ணியவான் யாரோ. ஒரு நிமிஷம் தாசில்தார் ஆபீஸ் ஞாபகம் வந்துருச்சு.

– டிராயிங் படிச்சாத்தான் ப்ராக்டிகல் வரைபடமே புரியும். தம்பி சறுக்கினது இங்கதான்.

ப்ராக்டிகலுக்கு, பிசிறு தவிர:

– எக்ஸாம் ஆரம்பிச்ச உடனே வெர்னியரை மூடி ஜீரோ பாருங்க. எங்களுக்கு 20 பேருக்கு உருப்படியா இருந்தது ரெண்டு வெர்னியர், அதுல ஒண்ணு மூடினாலே 0.04 காட்டும். மன்னிப்பு மொத்தமும் அங்கயே காலி. வேற இல்லைன்னா எவ்வளவு தப்பு காட்டுதுன்னு குறிச்சுக்கிட்டு கழிச்சுக்கோங்க.

– முதல் ரெண்டு பக்கம் 90 டிகிரிக்கு வர்ற வரைக்கும் மார்க்கிங் பக்கமே போகாதீங்க. நான் ரெண்டாவது தடவை இதுக்கே ஒன்றரை மணி நேரம் செலவழிச்சேன். பக்கத்துல ஹேக்ஸா சத்தம் கேக்கும், வயித்தைக் கலக்கும். கலக்கட்டும்.

– பெண் துண்டோட உள்மூலையில ரிலீஃப் ஹோல் (மூலையில விடுற சின்னத் துளை) இருந்தா அதை முதல்லயே போட்டுருங்க. ராவுறப்ப ஃபைலோட பல் இல்லாத பக்கம் எதைத் தொடுதுன்னு கவனம்.

– ஸ்மூத் ஃபைலுக்கு சாக்பீஸ் தேய்ங்க. இல்லைன்னா துகள் பல்லுல மாட்டி, முடிச்ச முகத்துல கடைசி நிமிஷத்துல கோடு கிழிக்கும்.

– முதல்ல ஆண் துண்டை அளவுக்கு முடிங்க. அதுக்கப்புறம் பெண்ணை அதுக்கு ஏத்தாப்புல. ரெண்டையும் மாத்தி மாத்தி ராவினா எது தப்புன்னே தெரியாது.

– கை வேர்க்கிறவங்க ப்ராக்டிஸ் ஜாப்புல எண்ணெய் தடவி வைங்க. மறுநாள் காலையில என் விரல் ரேகையை துருவுலயே பாத்திருக்கேன்.

இன்னொண்ணு. தமிழ்நாட்டுல 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்ல புதுசாக்கினாங்க; ரோபோ, சி.என்.சி. எல்லாம் வந்திருக்கு. நான் படிச்ச இடத்துல அப்படி ஒண்ணும் வரல. எங்களுக்கு அஞ்சு மாசம் டிரேடுக்கு சாரே வரல, பக்கத்து டிரேட் சார்தான் வந்து வந்து பாத்துக்கிட்டார், பாவம் மனுஷன். புது மெஷின் இருக்கிற இடத்துல படிக்கிறவங்களுக்குப் பொறாமையோட சொல்றேன்: ஃபிட்டர் ஜாப்புல உங்களையும் கடைசியில வைஸ் முன்னாடிதான் நிறுத்துவாங்க.

மார்க் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு. ரயில்வே அப்ரென்டிஸ் எடுக்குறதுக்குப் பரீட்சை கிடையாது. பத்தாவது சதவீதத்தையும் ஐ.டி.ஐ. சதவீதத்தையும் கூட்டி ரெண்டால வகுக்குறாங்க, அதான் மெரிட். நான் பத்தாவதுல 462; அதாவது 92.4. ஐ.டி.ஐ. 81. சராசரி 86.7. தம்பி பத்தாவதுல 251, ஐ.டி.ஐ. 78. சராசரி 64.1. போன்லயே கணக்குப் போட்டுப் பாத்தோம். திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல எந்தக் கை ஃபைலைப் பிடிக்கணும்னு என்னைக் கேட்டா எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா என்னை யாரும் கேக்கப் போறதில்ல. பதினஞ்சு வயசுல அவன் சமூக அறிவியல்ல எடுத்த மார்க் கேக்கப்படும். "பரவால்லண்ணே, டிப்ளமோல நேரா ரெண்டாவது வருஷம் சேந்துக்குறேன்"னு சொன்னான். ஐ.டி.ஐ. முடிச்சவங்களுக்கு அந்த வழி இருக்கு. சேர்வானான்னு தெரியல, பட்டறையில இப்ப சீசன்.

ஞாபகம் வந்த சில்லறை விஷயங்கள்:

– 80 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லைன்னா ஹால் டிக்கெட் வராது. மே மாசம் போய் அழுதா நடக்காது.

– மாசம் 750 ரூபாய் உதவித்தொகை வருது. முதல் மாசக் காசுல சொந்தமா ஒரு நல்ல ஸ்மூத் ஃபைலும் ஃபைல் கார்டும் (அரத்தோட பல்லைத் துடைக்கிற பிரஷ்) வாங்கிக்கோங்க.

– ஃபெயிலானா ரெண்டாவது வருஷம் உக்கார விடுவாங்க, பயந்து நின்னுராதீங்க. நான் ஒரு வாரம் வீட்டுல படுத்துக் கிடந்தேன், அந்த ஒரு வாரம்தான் வேஸ்ட்.

– மார்க்‌ஷீட்ல பேர், அப்பா பேர், பிறந்த தேதி எல்லாம் பத்தாவது சர்டிபிகேட்டோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதான்னு வாங்கின அன்னைக்கே பாருங்க. எனக்கு இனிஷியல் மாறிக் கிடக்கு. நாளைக்குக் காலையில அதுக்காகத்தான் மறுபடி ஆபீஸ் வாசல்ல போய் நிக்கணும்.