ஸ்ரோபெரி ஆயப் போகும் குடும்பங்களுக்கு

ஊரில் மிளகாய் ஆய்ந்த கைக்கு, கனடாத் தோட்டங்களில் காசு கொடுத்து நாங்களே ஸ்ரோபெரி ஆய்வது புது வேலை இல்லை. நிரைக்கு நடுவில் குந்தி, இலையை விலக்கி, காம்போடு கிள்ளி எடுக்கிற அதே வேலைதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் யாழ்ப்பாணத்துப் பழக்கம் இங்கே உதவாது. முற்றின மாங்காயை ஆய்ந்து வைக்கலுக்குள் வைப்போம். வாழைக்குலையை வெட்டிக் கிடங்கில் இறக்கிப் புகை போடுவோம். ஆய்ந்தது வீட்டில் பழுக்கும் என்பது எங்களுக்கு ஊறிப்போன கணக்கு. ஸ்ரோபெரி அப்படிப் பழுக்காது. கிள்ளும்போது அதில் எவ்வளவு இனிப்பு இருந்ததோ அவ்வளவுதான். மேசையில் இரண்டு நாள் வைத்தால் நிறம் கொஞ்சம் கறுக்கும், தசை மெத்தென்று வரும், இனிப்பு கூடாது. கனடாவுக்கு வந்த முதல் கோடையில் தோட்டத்துக்குப் போகிற குடும்பங்கள் கூடை நிறையச் செங்காயோடு திரும்புவதற்கு இதுதான் காரணம்.

கடையில் வாங்குகிற பழத்துக்கும் தோட்டத்துப் பழத்துக்கும் இருக்கிற வித்தியாசமும் இதிலேயே அடங்கும். கலிபோர்னியாவிலிருந்து லொறியில் நாட்கணக்காக வருகிற பழம் நசியாமல் இருக்க வேண்டும். அதற்குத் தோதான உறுதியான இனம், கொஞ்சம் முந்தின ஆய்வு. ஒன்ராறியோத் தோட்டத்தில் உள்ள இனங்களோ தோல் மெல்லிசானவை, உள்ளே முழுக்கச் சிவப்பு, பிறிஜ்ஜுக்குள் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காதவை. அந்த ருசியைக் காண வேண்டுமானால் ஆய்ந்த அன்றே சாப்பிட வேண்டும்.

தென் ஒன்ராறியோவில் காலம் ஜூன் நடுப்பகுதியில் தொடங்கி ஜூலை முற்பகுதியோடு முடியும். மூன்று, கூடினால் நாலு கிழமை. அனாபொலிஸ், வென்டி போன்ற இனங்கள் முதலில் பழுக்கும், ஜுவல் நடுவில் வரும், வலி சன்செற் கடைசியில். ஒவ்வொரு பூங்கொத்திலும் முதலாவதாகப் பழுப்பதுதான் மிகப் பெரிய பழம். பிறகு வருபவை படிப்படியாகச் சிறுக்கும். பெரிய பழம் வேண்டுமென்றால் காலத்தின் தொடக்கத்தில் போங்கள். ஜாம் காய்ச்சுகிற எண்ணம் இருந்தால் கடைசிக் கிழமைச் சின்னப் பழமே நல்லது. ஓகஸ்ட், செப்ரெம்பரிலும் ஸ்ரோபெரி தருகிற தோட்டங்கள் உண்டு. அது பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கிற வேறு இனம்.

ஊரிலிருந்து விசிற் விசாவில் வந்த அப்பாமாரிடமிருந்து தோட்டத்தில் எழும் முதல் கேள்வி, கோப்பாய்ச் செம்மண்ணில் இது வராதா என்பதாக இருக்கும். ஜூன் பழம் தருகிற இனத்துக்குப் பூமொட்டு முந்தின வருடத்து இலையுதிர்காலத்திலேயே உள்ளே உருவாகிவிடுகிறது. பகல் குறுகவும் குளிர் இறங்கவும் வேண்டும் அதற்கு. சூடு கூடினால் செடி ஓடுகொடி விடும், இலை தள்ளும், பூக்காது. இலங்கையில் நுவரெலியாவில் இது விளைவதும் வடக்கில் விளையாததும் மண்ணால் அல்ல, வெப்பத்தால். இங்கே குளிரும் அளவு மீறியதுதான். அதனால் மார்கழிக்கு முன்னரே நிரைமேல் வைக்கல் பரப்பி மூடிவிடுகிறார்கள். வசந்தத்தில் அதைச் செடியிலிருந்து இழுத்து நிரைகளுக்கு இடையில் விடுகிறார்கள். நாங்கள் முழங்கால் ஊன்றுகிற வைக்கல் அதுதான். பழத்தில் மண் படாமலும் அது காக்கிறது. மே மாதம் பூத்த பிறகு ஓரிரவு உறைபனி விழுந்தாலும் பூவின் நடு கறுத்துப்போகும், அந்தப் பூ காயாகாது. ஆகையால் கமக்காரர் விடிய விடியத் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடுகிற வெப்பம் பூவைப் பூச்சியப் பாகையை அண்டி வைத்திருக்கும். பனிக்கட்டிக்குள் பூவைப் பொதிந்து பூவைக் காப்பாற்றுகிற வேலை இது. வாழையும் புகையிலையும் பார்த்த கமக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்று முழுவதும் அந்தக் கதைதான் நடக்கும்.

ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்ரோவில், அக்ஸ்பிறிட்ஜ், பிக்கறிங் திசையில் ஒரு மணித்தியாலத்துக்குள் தோட்டங்கள் இருக்கின்றன. எந்தத் தோட்டமானாலும் புறப்படுகிற அன்று காலை அவர்களுடைய தொலைபேசிப் பதிவையோ பேஸ்புக் பக்கத்தையோ பார்க்காமல் வான் வண்டியை எடுக்காதீர்கள். முந்தின நாள் கூட்டம் வந்து நிரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தால், அடுத்த பழம் பழுக்கட்டும் என்று ஒரு நாள் இரண்டு நாள் மூடிவிடுவார்கள். பெரிய மழை பெய்தாலும் அப்படித்தான். மழைக்கு மறுநாள் திறந்திருந்தாலும் போகாமல் விடுவது நல்லது. பழம் தண்ணீர் குடித்து ஊதியிருக்கும், இனிப்புக் குறைந்திருக்கும், ஈரப் பழம் வீட்டுக்கு வருவதற்குள் பூசணம் பிடிக்கத் தொடங்கும். இரண்டு நாள் வெயிலும் குளிர்ந்த இரவும் கழிந்த பிறகு வருகிற கிழமை நாள் காலைதான் மிகச் சிறந்த நேரம். பனி காய்ந்ததும், ஒன்பது மணியளவில் நிரையில் நிற்க வேண்டும். ஜூன் மாத மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம், ஜூலை 1 கனடா தினம். அந்த இரண்டு நாளும் வாகனம் விடவே இடம் கிடைக்காது.

சில தோட்டங்களில் ஆளுக்கு நுழைவுக் காசு உண்டு. சிலவற்றில் கூடையை முன்கூட்டியே விற்பார்கள், வேறு சிலவற்றில் ஆய்ந்ததை நிறுத்துக் காசு வாங்குவார்கள். வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விட்டால், அகலமான தட்டைப் பெட்டி கொண்டுபோங்கள். வாளியோ ஆழமான பையோ வேண்டாம். பழத்தைப் பழத்தின்மேல் அரைச் சாணுக்குக் குறைவாகவே அடுக்க வேண்டும், அதற்கு மேல் போனால் அடியில் இருப்பது சாறாகிவிடும். பனையோலைப் பெட்டி வைத்திருப்பவர்கள் துணிந்து எடுத்துப் போகலாம். காற்றோட்டமும் தட்டை அடியும் இருப்பதால் இந்த வேலைக்கு மிகவும் தோதானது. ஒன்ராறியோவில் வழக்கமான 4 லீற்றர்க் கூடை நிறைந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்குச் சாப்பிட ஒன்று, உறைய வைக்க ஒன்று போதும். நிரையில் நிற்கும்போது இன்னும் இன்னும் ஆயத்தான் மனம் வரும். வீட்டில் இரவு பத்து மணிக்கு நாலு கூடைக்குக் காம்பு கிள்ளப்போவது யார் என்று அங்கேயே யோசியுங்கள்.

வயலில் நிழல் இல்லை. ஊரில் ஒழுங்கைக்கு ஒரு வேப்பமரம் நிற்கும், இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வெளி. ஜூன் வெயில் சுடாததுபோல் இருந்தாலும் தோலைப் பதம் பார்க்கும். தொப்பி, சன்ஸ்கிறீன், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். சிலிப்பர் போட்டால் வைக்கல் காலைக் கீறும், மூடின சப்பாத்து நல்லது. வெள்ளை உடுப்பு வேண்டாம். சாறு பட்டால் அந்த இடத்திலேயே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள், காயவிட்டால் கறை போகாது. வயலோரப் புல்லுக்குள்ளும் பற்றைக்குள்ளும் பிள்ளைகளை ஓட விடாதீர்கள். ஒன்ராறியோவின் பல இடங்களில், கடியால் தொற்றுகிற லைம் நோயைப் பரப்புகிற கறுப்புக்கால் உண்ணி இருக்கிறது. வீட்டுக்கு வந்து குளிக்க வார்க்கும்போது முழங்கால் மடிப்பு, கமக்கட்டு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள்.

உள்ளே போனதும் சின்னக் கொடியோ தடியோ ஊன்றியிருக்கும். முதல் ஆள் ஆய்ந்து நிறுத்திய இடம் அது. அங்கிருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும். நல்ல பழம் தேடி நிரை தாண்டி நிரை பாய்வதுதான் தோட்டக்காரரை மிகவும் நோகடிக்கிற செயல். பாய்கிற ஒவ்வொரு காலடியிலும் அடுத்த கிழமைப் பிஞ்சு மிதிபடுகிறது. ஒரு நிரையை எடுத்தால் அதைத் துப்புரவாக முடியுங்கள்.

இனி ஆயும் முறை. பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிடித்த இடம் அன்று மாலையே கன்றிக் கறுக்கும். இழுப்பில் சில நேரம் பிஞ்சுக் கொத்தே கழன்று வந்துவிடும். பழத்துக்கு மேலே ஒரு சென்ரிமீற்றர் விட்டு, காம்பைப் பெருவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து நகத்தால் கிள்ளுங்கள். பழம் தானாக உள்ளங்கையில் விழும். மூன்று நாலு சேர்ந்ததும் கூடைக்குள் வையுங்கள், எறிய வேண்டாம். பச்சை இலைத்தொப்பி பழத்தோடே இருக்கட்டும்.

பழம் பழுத்ததா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயில் பட்ட பக்கம் முதலில் சிவக்கும். பழத்தைத் திருப்பி வைக்கல் பக்கத்தைப் பாருங்கள், பிறகு இலைத்தொப்பியை விரலால் மெல்லத் தூக்கி அதன் அடியிலுள்ள தோளைப் பாருங்கள். தோளில் வெள்ளையோ பச்சையோ இருந்தால் விட்டுவிடுங்கள், இன்னும் ஒன்றிரண்டு நாளில் வருகிற குடும்பத்துக்கு அது. நன்றாகப் பழுத்தது தோள்வரை மினுமினுப்பான சிவப்பாக இருக்கும், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாமலே மணக்கும். மினுக்கம் போய் மங்கின கருஞ்சிவப்பு என்றால் அது கனிந்து மிஞ்சினது. ஜாமுக்கு மட்டும் சரி. கண்ணுக்கு எதிரே உள்ளதை முன்னே போனவர்கள் எடுத்திருப்பார்கள். இலைகளை இரண்டு கையாலும் நடுவில் வகிடு பிரிப்பதுபோலப் பிரித்தால் அடியில் தொங்குகிற பெரிய பழங்கள் தெரியும்.

நுனி சப்பிக் குறுகி, மஞ்சள் புள்ளிகள் நெருக்கமாக ஒட்டிக்கிடக்கிற பழங்களும் அகப்படும். நஞ்சு தெளித்ததால் என்று பயந்து எறிகிறவர்கள் உண்டு. அது அப்படியில்லை. விதை என்று நாங்கள் சொல்கிற அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் தாவரவியலில் ஒரு தனிப்பழம், நல்ல பழமொன்றில் 200 அளவில் இருக்கும். அவை விடுகிற ஓமோனால்தான் சிவந்த தசை பருக்கிறது. பூவில் தேனீ சரியாக உட்காராமலோ சாறுறிஞ்சும் பூச்சி குத்தியோ சில புள்ளிகள் கருக்கொள்ளாமல் போனால் அந்த இடத்தில் தசை வளராது. உருவம்தான் கோணல், ருசியில் குறைவில்லை. எடுக்கக் கூடாதது சாம்பல் நிறப் பஞ்சு படிந்த பழம். அது பூசணம். கூடைக்குள் ஒன்று போனாலும் பக்கத்துப் பழங்களுக்குப் பரவும். நத்தை அரித்த ஓட்டை உள்ளதையும் விடுங்கள்.

வயலில் ஒன்றிரண்டு ருசி பார்க்க அநேகமானோர் விடுவார்கள். ஆனால் கேட்டுவிட்டு வாயில் வைப்பதுதான் மரியாதை. கழுவாத பழம் என்பதும் நினைவிருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்தால் அது பெரும்பாலும் புளிப்புச் சாறு பட்ட எரிச்சல், துடைத்துக் கழுவினால் அடங்கும். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் 911 அவசர இலக்கத்தை அழையுங்கள்.

பிள்ளைகளின் கவனம் அரை மணித்தியாலம் நிற்கும். ஆளுக்கொரு சின்னப் பெட்டியும் நிரையில் ஒரு துண்டு இடமும் கொடுத்துவிட்டு, இலைத்தொப்பியைத் தூக்கித் தோளைப் பார்க்கிற வித்தையை முதலில் பழக்குங்கள். அம்மம்மா இருந்தால் அந்தப் பொறுப்பை அவவிடமே விடுங்கள். வீட்டில் ரீவிக்கு முன்னால் மொழி தெரியாமல் நாள் போக்குகிற மனிசி, நிரைக்குள் இறங்கியதும் எல்லோருக்கும் வாத்தியாராகிவிடுவா. முழங்கால் நோ உள்ளவர்களுக்குச் சின்ன முக்காலி ஒன்று வானில் ஏற்றுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அங்கே பல பண்ணைகளில் செடியை இடுப்புயரத் தொட்டியில் வளர்க்கிறார்கள், குனியவே தேவையில்லை.

வெயிலில் நின்ற வானின் டிக்கிக்குள் கூடையை வைத்தால் அவ்வளவு உழைப்பும் வீண். ஏசியைப் போட்டு, உள்ளே கால்வைக்கிற இடத்தில் மூடாமல் வையுங்கள். திரும்பும் வழியில் கடை, கோயில் என்று இறங்காதீர்கள். வீட்டில் தட்டில் துணி விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்பி, நசிந்ததைப் பிரித்து, மிகுதியைக் கழுவாமலே பிறிஜ்ஜில் வையுங்கள். சாப்பிடப் போகும்போது காம்போடு கழுவிவிட்டுப் பிறகு காம்பைக் கிள்ளுங்கள். முதலில் கிள்ளினால் அந்தக் குழியால் தண்ணீர் உள்ளே போய்ப் பழம் சப்பென்று ஆகிவிடும். புளிப்பாகச் சிக்கினவற்றுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் பிள்ளைகளும் மறுக்கமாட்டார்கள்.

உறைய வைப்பதென்றால் கழுவி, ஈரம் முழுக்கத் துடைத்து, காம்பெடுத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஓரிரவு வையுங்கள். கல்லானதும் பைக்குள் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டினால் அடுத்த சித்திரை வரைக்கும் இருக்கும். நேரே பையில் கொட்டினால் ஒரே கட்டியாக உறைந்து, கத்தியால் கொத்த வேண்டிவரும்.

ஜாமுக்கு ஒரு கிலோ பழத்துக்கு 750 கிராம் சீனி, ஒரு பெரிய தேசிக்காயின் புளி. ஸ்ரோபெரியில் ஜாமை இறுக வைக்கிற பெக்ரின் குறைவு, தேசிக்காய்ப்புளி இல்லாமல் இறுகாது. சீனியில் ஓரிரவு ஊறவிட்டு, அகலமான தாச்சியில் பெரிய நெருப்பில் கொதிக்கவிடுங்கள். பழம் இரண்டு கிலோவுக்கு மேல் ஒரேயடியாகப் போட்டால் தண்ணீர் வற்றுவதற்குள் நிறமும் மணமும் போய்விடும். வெப்பமானி இருந்தால் 104 பாகை செல்சியஸில் இறக்கலாம். இல்லாவிட்டால் பிறீசரில் வைத்த சின்னக் கோப்பையில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். ஜாமின் மேல்தோல் சுருங்கினால் பதம்.

ஜூலை நடுப்பகுதியில் அதே தோட்டத்துக்குப் போனால் ஸ்ரோபெரி நிரைகளின் இலையெல்லாம் அடியோடு வெட்டிக் கிடக்கும். பட்டுப்போகவில்லை. புது இலை தள்ளி அடுத்த வருடத்துக்கு மொட்டுக் கட்டுவதற்காகத் தோட்டக்காரரே வெட்டுகிறார். அந்தக் கிழமை பக்கத்து வேலியோரம் றாஸ்பெரி தொடங்கியிருக்கும். அதற்கு நகமும் வேண்டாம், காம்பும் வேண்டாம். பழுத்திருந்தால் தொட்டவுடன் வெள்ளை நடுத்தண்டை விட்டுக் கழன்று கையோடு வரும், வராவிட்டால் அது காய்.