800 எழுத்து எங்கே போச்சு?

எம்.எஸ்சி இரண்டாம் வருட புராஜெக்டுக்காக என்னிடம் ஒரு பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) கொடுத்திருந்தார்கள். அதற்குள் முன்னும் பின்னும் அச்சு அசலாக ஒரே 500 எழுத்துத் துண்டு, நடுவில் வேறு ஒரு 300 (எழுத்து என்றது டிஎன்ஏயின் ஏ, டி, ஜி, சி-யை). அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் போட்டு வளர்த்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் கைக்குக் கிடைத்த பிஎல்21 ரகத்தில் போட்டேன். மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி வளர்த்த பிறகு டிஎன்ஏயின் நீளம் பார்க்க ஜெல்லில் ஓட்டினால் (குட்டையான துண்டு வேகமாகக் கீழே ஓடும்) பட்டை கீழே இறங்கி நிற்கிறது. 800 எழுத்து காணோம். ஜெல்லைச் சரியாக ஊற்றவில்லை என்று நினைத்து மறுபடியும் ஓட்டினேன், பட்டை மறுபடியும் அதே இடத்தில்.

பக்கத்து மேசை சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த ஸ்ட்ரெய்ன்லடா போட்ட?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "ரெக்ஏ இருக்கிற செல்லுல ரிப்பீட்டைப் போட்டா அது சும்மா இருக்குமா? டிஎச்5ஆல்ஃபாவுல போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரெக்ஏ என்பது ஒரு புரதம். 1965-இல் கிளார்க், மார்குலீஸ் என்ற இருவர், மறுகூட்டிணைவே (டிஎன்ஏ துண்டுகள் ஒன்றோடொன்று மாறிச் சேர்வது) செய்யத் தெரியாத ஈ.கோலை திரிபுகளைத் தேடிப் பிடித்தார்கள், அந்த மரபணுவுக்குத்தான் இந்தப் பெயர். ஒற்றை இழை டிஎன்ஏ மேல் சாரை சாரையாக ஏறி உட்கார்ந்துகொண்டு, அதே எழுத்து வரிசை வேறு எங்கே இருக்கிறது என்று துழாவி, கண்டுபிடித்ததும் இரண்டையும் கோத்துவிடும். என் பிளாஸ்மிட்டில் முன் 500-ம் பின் 500-ம் ஒன்றுதானே. இரண்டையும் கோத்து நடுவில் இருந்ததை வளையமாகக் கழற்றி விட்டது. ஒரு 500-ம் நடு 300-ம் போனால் 800. கணக்கு சரி.

எனக்கு அன்றைக்குப் புரியாதது வேறு. இவ்வளவு நாசவேலை செய்யும் ஒன்றை பாக்டீரியா ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது? பாடப்புத்தகத்தில் மறுகூட்டிணைவு என்றால் மரபு வேறுபாடு, பரிணாமம் என்று போட்டிருக்கும், டிஎன்ஏ இரட்டிப்பு தனி அத்தியாயம். இப்படிப் பிரித்து வைத்ததுதான் பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன். பாக்டீரியாவைப் பொறுத்தவரை ரெக்ஏயின் அன்றாட வேலை வேறுபாட்டை உண்டாக்குவது இல்லை, இரட்டிப்பை முடித்துக் கொடுப்பதுதான்.

இரட்டிப்பிலிருந்தே வருகிறேன். ஈ.கோலையின் டிஎன்ஏ ஏறக்குறைய 46 லட்சம் எழுத்துள்ள ஒரே வளையம். ஓரிடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் இரண்டு கவைகள் (இழைகள் பிரிந்து நகலாகும் இடங்கள்) ஓடும், ஒவ்வொன்றும் விநாடிக்கு சுமார் 1000 எழுத்து. கணக்குப் போட்டால் எதிர்முனையில் சந்திக்க 40 நிமிடம் ஆகும். ஆனால் நல்ல தீனி கிடைத்தால் இந்த செல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது. 40 நிமிட வேலையை 20 நிமிடத்தில் எப்படி முடிக்கிறது? முடிப்பதில்லை. முதல் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுகிறது. பிறக்கும்போதே பேரப்பிள்ளைகளுக்கான நகல் வேலை பாதி நடந்துகொண்டிருக்கும். கூப்பர், ஹெல்ம்ஸ்டெட்டர் இருவரும் 1968-இல் இதைக் கணக்காக எழுதிவைத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதில் சலிப்பு வந்ததில்லை.

இப்படி அடுக்கடுக்காகத் தொடங்குகிற இடத்தில் கண்டபடி தொடங்கிவிடாமல் பிடித்துவைக்க ஆள் வேண்டும் அல்லவா. தொடங்குமிடம் சுமார் 245 எழுத்து நீளம், அங்கே டிஎன்ஏஏ என்ற புரதம் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறோடு வந்து கூட்டமாக ஒட்டி இழைகளைப் பிரிக்கும். அதே சிறு இடத்துக்குள் ஜி-ஏ-டி-சி என்ற நாலெழுத்து 11 முறை வருகிறது, தற்செயலாக என்றால் ஒருமுறை வந்தாலே அதிகம். டேம் என்ற நொதி இந்த நாலெழுத்தில் இருக்கும் ஏ மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுவைப் பொட்டாக வைக்கும். நகல் எடுத்த உடனே பழைய இழையில் பொட்டு இருக்கும், புதிய இழையில் இருக்காது. இப்படி ஒரு பக்கம் மட்டும் பொட்டு இருக்கும் இடத்தை செக்ஏ என்ற இன்னொரு புரதம் வந்து மூடிக்கொள்கிறது, செல் சுழற்சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு டிஎன்ஏஏயை அண்டவே விடாது. அதற்குள் ஹெச்டிஏ என்று ஒன்று, ஓடும் கவையில் நகல் நொதியை டிஎன்ஏ மேல் பிடித்துவைக்கும் கவ்வியோடு சேர்ந்து, டிஎன்ஏஏ வைத்திருக்கும் ஏடிபியை உடைத்து அதன் முறுக்கைக் குறைத்துவிடும்.

முறுக்கு என்றதும் கைரேஸ் என்ற நொதியையும் சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏயில் பத்தரை எழுத்துக்கு ஒரு புரி. விநாடிக்கு 1000 எழுத்து பிரிந்தால் முன்னால் விநாடிக்கு 100-க்குச் சற்றுக் குறைவாக சுற்று ஏறும், வீட்டு சீலிங் ஃபேனைவிடப் பல மடங்கு வேகம். கயிற்றைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், முன்னால் முடிச்சு விழுந்து வேலையே நின்றுவிடும். கைரேஸ் இரண்டு இழையையும் வெட்டி, இன்னொரு பகுதியை ஊடே விட்டு, திரும்ப ஒட்டுகிறது. மெடிக்கலில் வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை இந்த நொதியை வெட்டிய நிலையிலேயே மாட்டிவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவை ஓடும் வழியில் கீழே ஓர் இழையில் ஏற்கெனவே வெட்டு இருந்தால் என்ன ஆகும்? தண்டவாளம் விட்டுப்போன மாதிரி, கவையின் ஒரு கிளை அப்படியே முறிந்து விழும். சும்மா வளரும்போதுகூட இது நடக்கும். முறிந்த முனையை ரெக்பிசிடி என்ற மூன்று புரதக் கூட்டு பிடித்துக்கொண்டு, பிரித்துப் பிரித்து வெட்டித் தின்றுகொண்டே போகும், இதுவும் விநாடிக்கு 1000 எழுத்து ரகம்தான். உள்ளே நுழையும் வைரஸ் டிஎன்ஏவுக்கு இது எமன். அப்படியானால் சொந்த டிஎன்ஏயையும் தின்று தீர்த்துவிடாதா?

தீர்க்காததற்குக் காரணம் ஜி-சி-டி-ஜி-ஜி-டி-ஜி-ஜி என்ற எட்டெழுத்து. ஈ.கோலையைத் தாக்கும் லாம்டா வைரஸை வைத்து ஃபிராங்க்ளின் ஸ்டால் குழு 1970-களில் கண்டது இது. கிரேக்க எழுத்தில் இதற்குக் கை என்று பெயர். தமிழில் எழுதும்போது எனக்கு ரயில்வே கைகாட்டிதான் ஞாபகம் வருகிறது, பெயர் மட்டும் இல்லை, வேலையும் அதேதான். ரெக்பிசிடி அதைக் கண்டதும் ஒரு கணம் நின்று, பிறகு ஓர் இழையைத் தின்பதை விட்டுவிட்டு அதன் மேல் ரெக்ஏயை ஏற்றிவிட ஆரம்பிக்கும். இடித்துக்கொண்டிருந்த ஆளே கொத்தனார் ஆகிவிடுகிறார். கைகாட்டி ஒரு பக்கத்திலிருந்து வரும் ரயிலுக்குத்தானே, இதுவும் அப்படித்தான், எதிர்த்திசையில் வந்தால் கண்டுகொள்ளாது. தற்செயலாக என்றால் ஈ.கோலையில் 140 தடவை வரவேண்டிய இந்த எட்டெழுத்து 1000 தடவைக்கு மேல் இருக்கிறது, அதில் முக்கால்வாசி முறிந்த கவையிலிருந்து தொடங்குமிடம் நோக்கித் திரும்பி வரும் ரெக்பிசிடிக்குத் தெரிகிற மாதிரி நிற்கிறது. இதைப் படித்த அன்றுதான் என் 800 எழுத்துக் கோபம் தணிந்தது. ரெக்ஏ அந்த இழையைக் கொண்டுபோய் உடன்பிறந்த நகலில் நுழைக்க, பிரிஏ என்ற புரதம் வந்து நகல் இயந்திரத்தை மறுபடி பூட்ட, கவை திரும்ப ஓடும்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு பழைய கதை. ஆர்தர் கார்ன்பெர்க் டிஎன்ஏ எழுதும் நொதி ஒன்றைப் பிரித்தெடுத்து 1959-இல் நோபல் பரிசு வாங்கினார். செல்லுக்குள் நகல் எடுப்பது அதுதான் என்று பலரும் நம்பினார்கள். பவுலா டி லூசியாவும் ஜான் கெய்ர்ன்ஸும் சில ஆயிரம் காலனிகளைச் சோதித்து, 1969-இல், அந்த நொதி கிட்டத்தட்ட வேலையே செய்யாத ஒரு திரிபைப் பிடித்தார்கள். அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது! அந்த மரபணுவின் பெயர் போல்ஏ, சேர்த்துச் சொன்னால் பவுலா. பிறகு செல்லோ படித்துக்கொண்டிருந்த கார்ன்பெர்க்கின் மகன் தாமஸே ஆய்வுக்கூடத்துக்குள் வந்து, மால்கம் கெஃப்டரோடு சேர்ந்து உண்மையான நகல் நொதியான மூன்றாம் பாலிமரேஸைக் கண்டார். ஓர் இழை துண்டு துண்டாகத்தான் நகலாகும், அப்பாவின் நொதி அந்த ஒட்டுத் துண்டுகளைச் சுத்தம் செய்து இடைவெளியை நிரப்பும் ஆள். வகுப்பில் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் போல்ஏ இல்லாத செல்லில் ரெக்ஏயையும் எடுத்துவிட்டால் அது பிழைப்பதில்லை. அந்தத் திரிபு "பாட்டுக்கு வளர்ந்தது" என்றேனே, விட்டுப்போன இடைவெளிகளையெல்லாம் ரெக்ஏ பின்னாலிருந்து சரிக்கட்டிக்கொண்டிருந்ததால்தான்.

அப்புறம் அக்கா சொன்னபடி, ஃப்ரீசரில் மிச்சமிருந்த பழைய பிளாஸ்மிட்டை டிஎச்5ஆல்ஃபாவில் போட்டேன். அதில் ரெக்ஏ செயலிழந்தது, அதனால் 500-ம் 300-ம் 500-ம் அப்படியே இருந்தன. காலனிகள்தான் நோஞ்சானாக, மெதுவாக வந்தன. காலையில் தட்டைத் திறந்து பார்த்து, மூடி, இன்குபேட்டருக்குள் திரும்ப வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.