ஸ்பிட்ஃபயருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஹார்ன் வேலை செய்யாத காரை மாதக்கணக்கில் ஓட்டலாம், ஓட்டுபவருக்கே தெரியாது. தாம்பரமாக இருந்தால் தெருமுனை திரும்புவதற்குள் தெரிந்துவிடும். என் 1969 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காருக்கு எந்த நாளில் குரல் போனது என்று எனக்கு இன்னும் தெரியாது. போன மாதம் சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில், பெரிய வண்டி ஒன்று என்னை நோக்கி ரிவர்ஸில் வந்துகொண்டே இருந்தபோதுதான் கவனித்தேன். கூரையை மடக்கிவிட்டால் ஸ்பிட்ஃபயர் நெஞ்சு உயரம்கூட வராது. அதை ஓட்டிய அம்மாவின் கண்ணாடியில் நான் விழுந்திருக்கவே மாட்டேன். ஹார்னை அமுக்கினேன். மூச்சில்லை. எழுந்து நின்று கத்தினேன். நிறுத்திவிட்டார்.

நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிகளுக்கு இங்கே வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் ஹார்ன் வேலை செய்தாக வேண்டும் என்ற சட்டத்துக்கு வயது வரம்பு கிடையாது.

சனிக்கிழமை பானட்டைத் தூக்கினேன். இந்த வண்டியில் முன்பக்கம் மட்கார்டோடு மொத்தமாக முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். ஃபியூஸ் நன்றாக இருந்தது. இரண்டு ஹார்னையும் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்தேன். ஒன்று முழங்கியது. மற்றது ஊமை.

சென்னையில் இருக்கும் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். அவர் வைத்திருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961 முதல் பெருங்களத்தூரில் தயாரான வண்டி. ஸ்பிட்ஃபயரின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், அந்த ஹெரால்டுடையதைக் குட்டையாக்கியதுதான். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவரும் ஒரே இத்தாலியர், மிக்கெலோட்டி. அதனால் என் காரைத் தன் காரின் தம்பியாகத்தான் பெரியப்பா நினைக்கிறார்.

"தட்டிப் பாத்தியாடா?"

"இல்ல பெரியப்பா, மீட்டர் வச்சு..."

"மீட்டர் கெடக்கட்டும். ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டு."

தட்டினேன். சளி பிடித்த ஆடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஹார்னுக்குள் இருப்பது ஒரு காந்தச் சுருளும் ஒரு மெல்லிய தகடும்தான். காந்தம் தகட்டை இழுக்கும், இழுத்ததுமே உள்ளே இருக்கும் பாயின்ட் பிரிந்து கரண்ட் நிற்கும், தகடு திரும்பி வரும், மறுபடி இழுக்கும். ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடப்பதுதான் நமக்குச் சத்தம். பாயின்டில் பூஞ்சை மாதிரி துரு ஏறிவிட்டால் முடிந்தது. பாயின்டை நெருக்கவும் விலக்கவும் ஒரு திருகு உண்டு. அதைக் கால் சுற்று திருகி, கேட்டு, மறுபடி கால் சுற்று திருகியதில் ஆடு மெல்ல மெல்ல ஹார்ன் ஆனது.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் அமுக்கினால், பழைய கதை.

பெரியப்பாவின் வைத்தியம் இதற்குமேல் செல்லாது. ஆற அமர யோசித்தேன். வீட்டு சுவிட்ச் போல இந்த பட்டன் கரண்டை அனுப்புவதில்லை. ஹார்னுக்குக் கரண்ட் ஏற்கனவே வந்து காத்திருக்கும். பட்டன் கொடுப்பது எர்த் மட்டும், அதாவது அந்தக் கரண்ட் வண்டியின் இரும்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை. ஊதாவில் கருப்புக் கோடு போட்ட வயர் ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில் வந்து ஸ்டீயரிங்கின் பின்னால் ஒரு வளையத்தில் முடிகிறது. பட்டனை அமுக்கினால் அந்த வயர் ஸ்டீயரிங் தண்டோடு சேரும். தண்டு வழியாகக் கீழே, சக்கரங்களைத் திருப்பும் ரேக்கில் இறங்கி சேசிஸைத் தொட வேண்டும்.

அந்த வயரைப் பிடுங்கி வெறும் இரும்பில் தொட்டேன். இரண்டு ஹார்னும் சேர்ந்து அலறியதில் பக்கத்து வீட்டு நாய் வேலியைத் தாண்டப் பார்த்தது. ஆக வயரிங்கில் குறை இல்லை. தண்டுக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். தொடர்பே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. தண்டும் ரேக்கும் சேருமிடத்தில் இரண்டையும் இணைக்கும் ஒரு ரப்பர் கப்ளிங் இருக்கிறது. பழையது வெடித்துப்போனதால் போன குளிர்காலத்தில் புதிதாக மாற்றியது சாட்சாத் நானே. ரப்பரில் கரண்ட் எப்படிப் போகும்? அதற்காகத்தான் இந்தப் பக்கத்து போல்ட்டிலிருந்து அந்தப் பக்கத்து போல்ட்டுக்கு விரல் நீளத்தில் ஒரு பின்னல் எர்த் வயர் போட்டிருப்பார்கள். என் கப்ளிங்கில் அது இல்லை. (ரேக்கையும் ரப்பரில்தான் உட்கார வைத்திருப்பார்கள், எனக்கு முந்தைய உரிமையாளர் அங்கே அலுமினியக் கட்டை மாட்டிவிட்டதால் அந்த இடத்தில் தப்பித்தேன்.)

கராஜில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். பிரித்து மாட்டிய பிறகு மிஞ்சும் சாமான்களெல்லாம் அதில்தான் போய்ச் சேரும். திறந்தால் மேலாகவே கிடந்தது, இரண்டு முனையிலும் வளையம் வைத்த அந்தப் பின்னல் வயர். எமரி தாளால் தேய்த்து, போல்ட்டுக்கு அடியில் கொடுத்து முடுக்கினேன்.

முடித்தபோது இரவு பதினொன்றே முக்கால். இங்கே குடியிருப்புப் பகுதிகளில் 11.30 முதல் காலை 7 வரை ஹார்ன் அடிக்கக் கூடாது. நிற்கிற வண்டியில், இன்னொரு வண்டியால் ஆபத்து வந்தாலொழிய, எந்நேரமும் அடிக்கக் கூடாது. மீட்டர் மட்டும் வைத்துப் பார்த்தேன், தொடர்பு இருந்தது. காலை எட்டு மணிக்கு மகளை ஏற்றிக்கொண்டு தெருவைத் தாண்டியதும், "இப்போ அமுக்குமா" என்றேன். ஒரு தடவை போதும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

டப்பாவில் இன்னும் ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு வாஷரும் இருக்கின்றன.