அபராத ரசீது

நேற்று நியமனக் கடிதம் கைக்கு வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் லொறிச் சாரதி வேலை. நேர்முகத் தேர்வு பத்து நிமிடத்தில் முடிந்தது. என்மேல் வழக்கு உண்டா என்று சொல்லும் பொலிஸ் அறிக்கைக்குத்தான் ஏழு வாரம் அலைந்தேன்.

2009இல், இருபது வயதில், கோயில் திருவிழாவில் மேற்கணக்குப் (தோட்டத்தின் மேல் பிரிவு) பையன்களோடு அடிதடி. காயம் விளைவித்ததாகத் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவில் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். அதோடு தீர்ந்தது என்றே இருந்தேன். அறிக்கையிலோ ‘வழக்குத் தாக்கல் செய்யப்பட்டுள்ளது’ என்பதோடு வரி நின்றிருந்தது. தீர்ப்பை யாரும் பதியவில்லை. படிப்பவருக்கு நான் இன்னும் கூண்டில் நிற்பவன்.

“எப்போதோ முடிந்துவிட்டது ஐயா” என்றேன். “கடதாசி எங்கே?” என்றார் மேசையிலிருந்தவர், தலை நிமிராமலே. திருத்தம் கேட்க நீட்டிய படிவத்தில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் சேர்த்தாயிற்று. நான் எதிர்க்கடைக்காரரைக் கெஞ்சித்தான் நிரப்பினேன். இன்னும் ஆறவில்லை.

நீதிமன்றப் பதிவறையில் வழக்கு இலக்கம் கேட்டார்கள். என்னிடம் இல்லை. ஒரு நாளும் பஸ் காசும் வீண்.

விஷயம் கேட்டு அம்மா மலையிலிருந்து பாதியில் இறங்கி வந்தார். அன்று அவருக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். பிறப்புச் சான்றிதழ்கள் கிடக்கும் பால்மா டின்னைக் கவிழ்த்தார். நான்காக மடித்த அபராத ரசீது விழுந்தது. மடிப்பில் கிழிந்து, மை ஊதாவாக வெளுத்திருந்தது. அதிலிருந்த வழக்கு இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத்தான் வாசித்தோம்.

இலக்கம் கிடைத்ததும், வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதி வந்தது, அறிக்கையும் திருந்தியது. பிரதியைக் கேட்கும்போதே இரண்டாக வாங்குங்கள். அசலை எந்த மேசையிலும் விட்டுவராதீர்கள்.

விண்ணப்பத்தில் மறைக்கவும் வேண்டாம். முன்பொரு ஹோட்டலில் ‘தண்டனை பெற்றதுண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதி, இரண்டாம் வாரமே வெளியேற்றப்பட்டேன். இம்முறை ‘ஆம்’ என்று எழுதிப் பிரதியை இணைத்தேன். முகாமையாளர் அதைக் கடைசிவரை வாசித்தார், மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு கனரக வாகன அனுமதிப்பத்திரத்தைக் கேட்டார். அவ்வளவுதான்.

அன்று என்னோடு பிடிபட்ட மூவருக்கும் அதே வழக்கு இலக்கம்தான். ஒருவன் கொழும்பில் கடையில் நிற்கிறான். இரண்டாவது பிரதியை அவனுக்கு அனுப்பிவிட்டேன்.